பழைய லாரியில் பட்டை புஷ் போய்விட்டதா? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

என் ஆறு சக்கர லாரி ஆறு லட்சம் கிலோமீட்டரில் மீட்டர் நின்றுபோன வண்டி. அதற்கு அப்புறமும் பெரம்பலூர் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் தீவன ஆலைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பட்டை என்பது பாரத்தைத் தாங்கும், தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அதன் முனையில் தேய்மானத்தை வாங்கிக்கொள்ளும் உறைதான் புஷ். இந்த வண்டியிலும் தெரிந்தவர்கள் வண்டிகளிலும் பட்டை புஷ் மாற்றி மாற்றி ஒன்று புரிந்தது. தேவையில்லாமல் மாற்றிய சாமான்தான் அதிகம். சத்தம் ஓரிடத்திலிருந்து வரும், நாம் கழற்றுவது வேறு இடத்தில் இருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஆட்டத்தை, அதாவது தேய்ந்த இடைவெளியில் சாமான் அசைவதை, கண்ணால் பார்த்த பிறகுதான் சாமான் வாங்க வேண்டும்.

## முதலில்: உங்கள் வண்டியில் எந்த புஷ்?

பட்டையின் முனையில் சுருட்டிய வளையத்துக்குள் புஷ் இருக்கும். அதன் ஊடாக பின் (pin) என்ற இரும்புத் தண்டு போகும். பின்னின் முனையிலோ, பட்டையை சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிடிக்கும் பிராக்கெட்டிலோ கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு வாய்) இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கன்மெட்டல் (வெண்கல வகை) அல்லது வேறு உலோக புஷ். நிப்பிள் எங்குமே இல்லாமல், ஓரத்தில் ரப்பர் தெரிந்தால் அது ரப்பர் புஷ். முன்னதற்கு கிரீஸ் உயிர். பின்னதில் கிரீஸ் படவே கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

சாதாரணமாக ஒரு பட்டைக்கு ஒரு முனை பிராக்கெட்டில் நிலையாக இருக்கும், மறுமுனை ஷாக்கிள் என்ற தொங்கும் இணைப்பில் ஊஞ்சல் போல ஆடும். அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பது நிலையான முனை. அங்கே தேய்ந்தால் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும். ஷாக்கிள் பக்கம் தேய்ந்தால் பெரும்பாலும் சத்தமாகத்தான் தெரியும். சில பெரிய வண்டிகளில் பின்பட்டையின் ஒரு முனை புஷ்ஷே இல்லாமல் சும்மா சறுக்கும். அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## ஆட்டத்தைப் பார்க்கும் முறை

எல்லா அறிகுறிக்கும் இதுதான் அடிப்படைச் சோதனை. வண்டி காலியாக, சமதளத்தில் நிற்கட்டும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு இரண்டு புறமும் கட்டை போடுங்கள். ஜாக்கியை அச்சுக்கு அடியில் வைக்காமல் சேசிஸுக்கு அடியில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து, வெளியிலிருந்தபடியே பின்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சேசிஸ் எழும்போது பிராக்கெட் கூடவே எழும். புஷ் நன்றாக இருந்தால் பட்டையின் வளையமும் அதோடு சேர்ந்தே நகரும். பிராக்கெட் மட்டும் எழுந்து, வளையம் கொஞ்சம் தாமதித்துக் கிளம்பினால், அந்த இடைவெளிதான் உங்கள் ஆட்டம்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஷாக்கிளுக்கும் வளையத்துக்கும் நடுவில் டயர் லிவரை விட்டு நெம்பிப் பாருங்கள். பின்னின் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் புஷ்ஷில் மேலோட்டமான சிறு வெடிப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவில் இருக்கும் குழாய் மையத்தை விட்டு ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, ரப்பர் வெளியே பிதுங்கியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்திருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஹாலோபிளாக் கல்லை ஸ்டாண்டாக வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அது நசுங்கி எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் நொறுங்கும்.

## அறிகுறி: காலி வண்டியில் மேடுபள்ளத்தில் 'டக் டக்' சத்தம்

பாரம் ஏற்றியதும் சத்தம் குறைகிறதா? அப்படியென்றால் புஷ் மேல் சந்தேகம் கூடுகிறது. எடை அழுத்தும்போது பின் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும், இடைவெளி திறந்து மூடாது. காலியில் குதிக்கும்போதுதான் தட்டும்.

ஆனாலும் புஷ்ஷுக்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் நட்டுகளையும் அதன் சின்ன ரப்பர்களையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இந்தச் சத்தத்துக்கு மலிவான காரணம் இதுதான், பலமுறை இதோடு வேலை முடிந்திருக்கிறது. அடுத்து, பட்டையின் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பின் போல்ட்டு. அது கழன்றால் தகடுகள் ஒன்றோடொன்று தட்டும். அதற்கடுத்து பின்னின் லாக் போல்ட்டு லூசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் நிப்பிளில் கிரீஸ் அடித்துப் பாருங்கள். இரு ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் வந்தாலோ, கிரீஸ் கன் கெட்டியாக நின்று எதுவும் போகாவிட்டாலோ நிப்பிளைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். அப்போதும் போகாவிட்டால் சேசிஸைத் தூக்கி, பின்னின் மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது பாரம் தாங்கும் பக்கத்தில் இடைவெளியே இருக்காது, கிரீஸ் சும்மா இருக்கும் பக்கமாக வழிந்து வெளியே வந்துவிடும். கிரீஸ் அடித்தும் பின் தேய்ந்துபோகிற வண்டிகளில் நான் பார்த்த முதல் காரணம் இது.

கிரீஸ் போன பிறகு ஓரிரு நாள் சத்தம் அடங்கி மறுபடி வந்தால் பின்னும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். ஜாக்கி சோதனையில் ஆட்டம் பிராக்கெட்டின் ஓட்டையிலேயே தெரிந்தால் புஷ் மாற்றிப் பயனில்லை. அது பட்டறை வேலை.

## அறிகுறி: மெதுவாகப் போகும்போது 'கிரீச்' சத்தம்

சாதாரணமாக இது ஆபத்தில்லாதது. உலோக புஷ் என்றால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ரப்பர் புஷ் என்றால் ஒவ்வொரு புஷ்ஷாக சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பாருங்கள். எதில் தெளித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். சத்தம் போக ஆயில் விடாதீர்கள். இன்றைக்கு நின்றாலும் ரப்பரின் ஆயுள் குறையும். எந்த புஷ்ஷும் பதில் சொல்லாவிட்டால் பட்டைத் தகடுகளுக்கு நடுவில் துரு ஏறியிருக்கும், தகடுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து கிராபைட் கிரீஸ் பூச வேண்டும்.

## அறிகுறி: பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வரிசையாகப் போவோம்.

முதலில் முன் டயர்களின் காற்று. இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். அப்புறம் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட். ஒரு பக்கம் லைனிங் தேய்ந்தோ, எண்ணெய் பட்டோ இருந்தால் மறுபக்கம் இழுக்கும். நான்கு டிரம்மையும் கைவைக்காமல் அருகில் கொண்டுபோய் உணர்ந்தாலே எது அதிகச் சூடு, எது சூடே இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

*பிரேக் சரியாக இருந்தும் இழுத்தால்:* யாரும் நடமாடாத காலி இடத்தில் நடைவேகத்தில் வண்டியை விட்டுச் சட்டென்று பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சக்கரம் பின்னால் தள்ளிப்போய் வந்தால் அந்தப் பக்க அச்சு பிடிப்பில் இல்லை.

*பிடிப்பில்லை என்றால்:* முதலில், பட்டையை அச்சோடு கட்டியிருக்கும் யு போல்ட்டின் நட்டுகள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் பளபளவென்று உரசிய தடம் இருந்தால் யு போல்ட்டு லூசாக ஓடியிருக்கிறது. அப்படி ஓடினால் உள்ளே தகடுகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டு ஒடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. யு போல்ட்டு இறுக்கமாக இருந்தால் நிலையான முனையின் புஷ். அதுவும் சரி என்றால் பிராக்கெட்டை சேசிஸோடு பிடித்திருக்கும் ரிவெட்டுகளைப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிப் பெயிண்ட் மயிரிழையாக விரிந்து துருக்கோடு தெரிந்தால் லோடு ஏற்றாமல் நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடாவருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமயத்தில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். இந்த மயிரிழைகள் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். தயவுசெய்து பெயிண்டருக்கு முன்னால் ஒருமுறை நீங்கள் டார்ச்சோடு கீழே போய் வாருங்கள்.

## அறிகுறி: நேர் ரோட்டில் ஸ்டியரிங் அலைகிறது

இதற்கு புஷ்ஷை முதலில் குற்றம் சொல்ல முடியாது. அச்சுக்கு ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்.

*ஆட்டம் இருக்கிறது:* ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி).

*மேல்கீழ் ஆட்டம் இல்லை, இடவலமாக ஆடுகிறது:* டை ராடு முனைகள், டிராக் லிங்க் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்).

*எதிலும் ஆட்டம் இல்லை:* வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சிறிய அளவில் ஆட்டட்டும். நீங்கள் வெளியே குனிந்து முன்பட்டையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். சக்கரம் திரும்புவதற்கு முன் பட்டை பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ்ஷோ, பக்க வாஷரோ தேய்ந்திருக்கிறது. வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வரும் இந்த வாஷரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். புஷ் புதிதாக இருந்தும் வண்டி அலைவதற்கு இது ஒன்றே போதும்.

முன்னால் பட்டைக்குப் பதில் ஆர்ம் இருக்கும் பிக்கப் வண்டி என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் பாருங்கள். அதை மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

## அறிகுறி: பின்னால் வருபவர் 'வண்டி கோணலாகப் போகிறது' என்கிறார்

அளந்து பார்த்தால் சந்தேகம் தீரும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, சமதளத்தில் நிறுத்துங்கள். முன் ஹப்பின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பின் ஹப்பிலும் அப்படியே. இரு குறிகளுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, மறுபக்கமும் அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டும் சமமாக இருந்தால் அச்சு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பாடியோ சேசிஸோ திருகியிருக்கலாம். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் முன் அச்சு பின்னால் போயிருக்க வேண்டும், அல்லது பின் அச்சு முன்னால் வந்திருக்க வேண்டும். எது என்று அறிய, ஒவ்வொரு அச்சிலிருந்தும் அதன் நிலையான பிராக்கெட் வரை இரு பக்கமும் அளக்கவும். பெரும்பாலும் சென்டர் போல்ட்டு ஒடிந்து பட்டையின் மேல் அச்சு நழுவியிருக்கும். புஷ் தேய்மானம் மட்டுமே இவ்வளவு கோணலைத் தருவது குறைவு. இதைச் சரிசெய்யப் பட்டைத் தகடுகள் முழுவதையும் இறக்க வேண்டும். பட்டை வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதென்றால் புஷ்ஷைத் தொடவே வேண்டாம். தகடு ஒடிந்திருக்கும், அல்லது பட்டை வளைவு இறங்கியிருக்கும்.

## அறிகுறி: கியர் போட்டு எடுக்கும்போது 'டொங்'

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸை (வளைந்து கொடுக்கும் இணைப்பை) முதலில் பாருங்கள். வண்டி நகராமல் கட்டை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் தெரியும். கிராஸ் சரியாக இருந்து, எடுக்கும்போது ஒரு தட்டு, பிரேக் பிடிக்கும்போது இன்னொரு தட்டு என்று கேட்டால் பின்பட்டையின் நிலையான முனையோ பின்பக்க யு போல்ட்டோதான். பின்னால் இரட்டை அச்சு உள்ள வண்டியில், அச்சைச் சேசிஸோடு பிடிக்கும் டார்க் ராடின் புஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த புஷ்ஷை அழுத்தி ஏற்ற பெரிய பிரஸ் வேண்டும், ராடைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் சுலபம்.

## புஷ் மாற்றும் வேலை

ஒரு முனையில் புஷ் போயிருந்தால் அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னையும் புஷ்ஷையும் பிரிக்காதீர்கள். பழைய பின்னில் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் தடுக்கி இறங்கினால் அந்தப் பின் புது புஷ்ஷைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி வையுங்கள். அந்த ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பின்னின் மேல் பாரம் இல்லாத நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையில் பின் கையால் சுழலும் அளவுக்கு இளகும். பாரத்தோடு அடித்துக் கழற்றினால் பட்டை சட்டென்று விடுபட்டுக் கையை நசுக்கிவிடும்.

பல வண்டிகளில் பின்னின் குறுக்கே ஒரு லாக் போல்ட்டு, பின்னில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றாமல் சுத்தியலை எடுத்தால் பிராக்கெட் விரிசல் விடும். நிப்பிளையும் முன்பே கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் முதல் அடியிலேயே ஒடிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

துருப்பிடித்து வராத பின்தான் இந்த வேலையில் பாதி நேரத்தைச் சாப்பிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் செப்புத் தண்டோ பித்தளைத் தண்டோ வைத்து அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டுப் பின்னை அறுத்து எடுக்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் எதையும் கெடுக்காது.

கேஸ் வைத்துச் சூடேற்றுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். 'அஞ்சு நிமிஷம் அண்ணா, காட்டிட்டு அடிச்சா வந்துடும்' என்பார்கள். வந்துவிடும், உண்மைதான். ரப்பர் புஷ்ஷையும் எரித்தே எடுப்பார்கள். ஆனால் பட்டை பதம் ஏற்றிய இரும்பு. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்கு லாரி பட்டையைத் தேடி வாங்குவது அந்த இரும்புக்காகத்தான். செக்கச்செவேலென்று சூடேறி ஆறினால் வளையத்தின் பதம் போய்விடும். புது புஷ்ஷை இறுக்கமாகப் பிடிக்கும் பலம் அதில் இருக்காது, பிறகு ஒரு நாள் பாரத்தோடு மெயின் தகடு (வளையம் சுருட்டியிருக்கும் தகடு) அங்கேயே விரியலாம். வெல்டிங் பொறி பட்டையில் விழுந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் தொடங்கும். பக்கத்தில் வெல்டிங் வேலை நடந்தால் ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க நீளமான மரைத்தண்டும், இரண்டு பக்கமும் பொருந்தும் குழாய்த் துண்டுகளும் போதும். ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சிறிய துண்டு தள்ளும், மறுபக்கம் பெரிய துண்டு வாங்கிக்கொள்ளும். நட்டை முறுக்க முறுக்க அசைந்து வரும். புதியதையும் இப்படியே ஏற்றலாம். சுத்தியலால் நேராக அடித்தால் புஷ்ஷின் விளிம்பு விரிந்து கோணலாக இறங்கும்.

புது புஷ் வளையத்துக்குள் கை அழுத்தத்திலேயே நுழைகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். வளையம் விரிந்துவிட்டது, மெயின் தகடு மாற்ற வேண்டும். டின் தகட்டைச் சுற்றி இறுக்கமாக்கி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நடைகூடத் தாங்காது.

உலோக புஷ் என்றால் இரண்டு விஷயம். புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை, கிரீஸ் வரும் வழியோடு பொருந்த வேண்டும். துளை மாறிவிட்டால் நீங்கள் எத்தனை முறை கன் பிடித்தாலும் சொட்டு கிரீஸ் உள்ளே போகாது. அடுத்து, இறுக்கமாக ஏற்றியதும் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். பின் போகவில்லையென்று அடித்து ஏற்றாதீர்கள், ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) விட வேண்டும். ரீமர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுங்கள். பின் கையால் தள்ளிப் போக வேண்டும், ஆனால் ஆடக்கூடாது.

ரப்பர் புஷ்ஷுக்கு சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் இருந்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். 'போன வருடம்தான் மாற்றினேன், அதற்குள் போய்விட்டது' என்று கொண்டுவரப்பட்ட ரப்பர் புஷ்களில் நான் முதலில் கேட்பது, எந்த நிலையில் இறுக்கினீர்கள் என்பதைத்தான்.

யு போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடி தராது. புதிதை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வண்டிக்கு உரிய டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

## மாற்றிய பிறகும் சத்தம் இருந்தால்

ஒரு லோடு ஓட்டிவிட்டு, அதே ஜாக்கி சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புஷ்ஷில் ஆட்டமில்லாமல் பிராக்கெட் ஓட்டையில் இருந்தால், ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது. பிராக்கெட்டையே மாற்றுவதுதான் சரி. ரிவெட்டை வெட்டி, சேசிஸ் ஓட்டையைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டிய வேலை அது, தெரிந்த பட்டறையில் மட்டும் செய்யுங்கள். பிராக்கெட்டும் சரியாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். சேசிஸ் இரும்பு வழியாகச் சத்தம் கடந்து வரும். டிரைவர் இடது பக்கம் என்று சத்தியம் செய்தும் வலது பின் ஷாக்கிளில் கண்டுபிடித்த வண்டிகள் உண்டு.

எதுவும் இல்லையென்றால் மாற்றிய முனையில் கிரீஸ் இரண்டு ஓரத்திலும் வருகிறதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்த ஒவ்வொரு முறையும், வண்டி காய்ந்ததும், சேசிஸைத் தூக்கி வைத்து அடியுங்கள். பழைய தண்ணீரும் மண்ணும் கலந்த கிரீஸ் வெளியே வந்து, சுத்தமான நிறம் தெரியும் வரை விடாதீர்கள்.